வெறும் ஃப்ரெண்டுதான்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஞாயிற்றுக்கிழமை காலை 6.40 மணி. கணவரின் கைபேசி மேசையில் கிடந்து அதிர்ந்தது. திரையில் ‘ஆபீஸ் 2’ என்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் எந்த ஆபீஸ் கூப்பிடும் என்று மனைவி அதை எடுத்துக் காதில் வைத்தார். “எழுந்துட்டியாடா?” என்றது ஒரு பெண் குரல்.

9 வருடமாக அவருக்குப் பழக்கமான குரல். வீட்டுக்கு வந்து போகிறவர், மனைவி ‘அக்கா’ என்று கூப்பிடுகிறவர். “தெரியாத குரலா இருந்திருந்தாகூட எனக்கு இப்படிக் கை நடுங்கியிருக்காது” என்று பிறகு என்னிடம் சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துக் கணவனும் மனைவியுமாக என்னிடம் வந்தார்கள். தம்பதிகளுக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். 5 மாதத்தில் 11 சந்திப்புகள் நடந்தன. சம்பந்தப்பட்ட மூவரும் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன், அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். நான் செய்த தவறு ஒன்றும் இதில் வருகிறது. அதை மட்டும் நடந்தபடியே விட்டிருக்கிறேன்.

நட்பின் கதை

கணவருக்கு வயது 41. தோழிக்கும் அதே வயது. மனைவி 5 வயது இளையவர். 17 வருடத்துக்கு முன் கணவரும் தோழியும் ஒரே நாளில் முதல் வேலையில் சேர்ந்தார்கள். பக்கத்துப் பக்கத்து மேசை. அவருக்குக் கணக்கு தடுமாறும், தோழிக்கு மேலதிகாரி முன்னால் பேச்சு வராது. ஒருவர் குறையை இன்னொருவர் மூடிக்கொண்டு முதல் வருடத்தைத் தாண்டினார்கள். அப்புறம் வேறு வேறு நிறுவனம், வேறு வேறு ஊர் என்று ஆனது. பேச்சு மட்டும் விட்டுப்போகவில்லை.

கணவரின் அப்பா மருத்துவமனையில் இருந்த கடைசி நாட்களில் தோழி ஊரிலிருந்து வந்தார். ஒரு இரவு முழுக்க அவர் கண்விழித்து உட்கார்ந்துகொண்டு, 3 நாளாகத் தூங்காத நண்பரைத் தூங்கச் சொன்னார். “அன்னைக்கு நான் தூங்கினதாலதான் மறுநாள் அப்பா போனப்ப நிக்க முடிஞ்சுது” என்றார் கணவர். இதைச் சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. மனைவி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இது புதுச் செய்தி.

திருமணமான புதிதில் எந்த ஒளிவுமறைவும் இல்லை. தோழியும் அப்போது மணமானவர். நான்கு பேரும் சேர்ந்து வெளியூர்ப் பயணங்கள் போயிருக்கிறார்கள். 6 வருடம் நிம்மதியாகப் போனது. அதன் பிறகு இரண்டு விஷயங்கள் மாறின.

முதலாவது, ஒரு குடும்ப விருந்தில் நடந்தது. கணவரின் கைபேசி அடித்தது, திரையில் தோழியின் பெயர். பக்கத்தில் இருந்த உறவினர் எட்டிப் பார்த்து, “இந்தப் பேரு இன்னும் மாறலையா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மனைவியும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அந்தத் தாமதத்தைக் கணவர் கவனித்துவிட்டார். அன்று இரவே தோழியின் எண்ணை ‘ஆபீஸ் 2’ என்று மாற்றி வைத்தார்.

“அவ நாலு பேர் முன்னாடி சங்கடப்படக் கூடாதுன்னுதான் மாத்தினேன்” என்றார் என்னிடம். நான் நம்புகிறேன். இந்த வேலையில் நான் பார்த்த மறைப்புகளில் பல இப்படி அக்கறையில்தான் தொடங்கியிருக்கின்றன. ஆனால் பெயரை மாற்றிய கையோடு மற்றதையும் மாற்ற வேண்டியதாயிற்று. கூடத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சு பால்கனிக்குப் போனது. பால்கனிக் கதவு சாத்தப்பட்டது. “யாரு?” என்று கேட்டால் “ஆபீஸ்” என்று சொல்ல வேண்டி வந்தது. ஒரு நாள் சொன்ன பொய்க்கு 3 வருடம் தீனி போட வேண்டியிருந்தது.

இரண்டாவது, தோழியின் திருமணம் முறிந்தது. அதே தோழி, அதே பேச்சு, அதே சிரிப்பு. ஆனால் அவர் இப்போது தனியாள். மனைவி இதை மறைக்காமல் சொன்னார்: “அவங்க வீட்டுக்காரர் கூட இருந்தவரைக்கும் எனக்கு ஒண்ணுமே தோணல. இப்ப தோணுது. அது நியாயமில்லைன்னும் தெரியுது. ஆனா தோணுதே, என்ன பண்ண?” தன் சந்தேகத்தைத் தானே இப்படி நிறுத்திக் கேள்வி கேட்பவர்கள் குறைவு. எனக்கு அவர்மேல் பெரிய மதிப்பு வந்தது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அழைப்புகளும் அந்தச் சமயத்தில் தொடங்கியவைதான். மற்ற 6 நாளும் தோழிக்கு வேலையோடு ஓடிவிடும். ஞாயிறு காலையில் வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. அந்த நேரத்தைத் தாண்ட அவருக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது.

நான் செய்த தவறு

முதல் மூன்று சந்திப்புகளும் ஒரே கேள்வியைச் சுற்றின. இருவருக்கும் நடுவில் ஏதாவது இருக்கிறதா, இல்லையா? கணவர் ஒவ்வொரு முறையும், “ஒண்ணுமில்ல. வெறும் ஃப்ரெண்டுதான்” என்றார். இரண்டாவது சந்திப்பில் மட்டும் ‘வெறும்’ என்று 7 முறை சொன்னார். ஏதோ தோன்றி அதை என் நோட்டில் குறித்து வைத்தேன். ஏன் குறித்தேன் என்று அப்போது எனக்கே புரியவில்லை. அவர் அப்படிச் சொல்லச் சொல்ல மனைவியின் கோபம் ஏறியது. நம்பிக்கை இல்லாததால் கோபப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது சந்திப்பின் முடிவில் மனைவி ஒன்று கேட்டார். ஒரு மாதம் இருவரும் பேசாமல் இருக்க வேண்டும். கணவர் சரி என்றார். நானும் சரி என்றேன். ஒரு மாதம் ஓய்ந்தால் எல்லோரும் நிதானமாக யோசிக்கலாம் என்பது என் கணக்கு. அந்த ‘எல்லோரும்’ என்பதில் தோழியை நான் சேர்க்கவே இல்லை. வீட்டில் விவாகரத்தின் வெறுமையோடு உட்கார்ந்திருக்கும் ஒருவரிடமிருந்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அவர் நம்பியிருந்த ஒரே குரலைப் பறித்துவிட்டேன்.

கணவர் நான்கு வரியில் ஒரு செய்தி அனுப்பினார். தோழியிடமிருந்து ‘சரி’ என்று ஒரே சொல் வந்தது.

அந்த மாதம் வீடு இன்னும் கெட்டது. கணவர் ஞாயிறு காலையில் வழக்கம்போல 6.30க்கு எழுந்து, கைபேசி இல்லாமல் பால்கனியில் போய் உட்கார்ந்திருந்தார். கேட்டதற்குப் பதில் சொன்னார், கேட்காததைப் பேசவில்லை. நான்காவது வாரம் மனைவி வந்து என் எதிரில் உட்கார்ந்ததும் கேட்டார்: “ஒண்ணுமே இல்லாததுக்கா ஒரு மனுஷன் இவ்வளவு வாடுவாரு?”

நோட்டைப் புரட்டினேன். ‘வெறும்’ என்பதைச் சுற்றி நான் போட்டிருந்த வட்டம் கண்ணில் பட்டது.

மனைவி சொன்னது சரி. அது ‘வெறும்’ நட்பு இல்லை. 17 வருடம், ஒரு மரணம், ஒரு விவாகரத்து, எத்தனையோ ஞாயிறு காலைகள். இவ்வளவு கனமான ஒன்றை ஒன்றுமில்லை என்று சொன்னால், எதிரில் இருப்பவருக்கு அதன் கனம் தெரியும், பெயர் மட்டும் தெரியாது. பெயர் தெரியாத கனத்துக்கு மனம் தானாக ஒரு பெயர் வைத்துக்கொள்ளும். ஆணும் பெண்ணும் என்று வந்துவிட்டால் மனம் முதலில் எடுக்கும் பெயர் காதல்தான். கணவர் காதலை மறைக்கவில்லை. நட்பை மறைத்தார், அதன் அளவை மறைத்தார். மனைவியை அச்சப்படுத்தியதும் அந்த அளவுதான்.

உள்ளே இருந்த ஒன்று

ஐந்தாவது சந்திப்பில் கணவரைத் தனியாகப் பார்த்தேன். தனிச் சந்திப்புக்கு முன் நான் எப்போதும் ஒன்றைச் சொல்லிவிடுவேன்: நீங்கள் சொல்வதை நான் வெளியில் சொல்ல மாட்டேன், ஆனால் ஒரு பெரிய ரகசியத்தை மடியில் கட்டிக்கொண்டு உங்கள் இருவருக்கும் நடுவில் உட்காரவும் என்னால் முடியாது. அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார். நட்பின் இரண்டாவது வருடத்தில் அவருக்குத் தோழிமேல் காதல் வந்திருக்கிறது. 6 மாதம் உள்ளே வைத்திருந்து, பிறகு சொல்லியும் விட்டார். தோழி நேராக மறுத்துவிட்டார். 2 மாதம் இருவருக்கும் முகம் பார்த்துப் பேச வரவில்லை. ஒரு நாள் தோழியே மேசைக்கு வந்து, “கணக்கு இன்னும் தப்பாதான் போட்டுட்டு இருக்கியா?” என்று கேட்டிருக்கிறார். அங்கிருந்து மறுபடி தொடங்கியது. மனைவியைச் சந்தித்தது அதற்கும் பல வருடம் கழித்துத்தான்.

ஆண் பெண் நட்பைப் பற்றிய ஆய்வுகள் இந்த இடத்தில் எனக்கு உதவின. ஹெய்டி ரீடர் 2000இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய நட்பில் உள்ள ஈர்ப்பை நான்காகப் பிரித்துக் காட்டினார். நண்பராகப் பிடிப்பது ஒன்று. காதலாகப் பிடிப்பது இன்னொன்று. தனக்கே உடல் ஈர்ப்பு இருப்பது மூன்றாவது. இவர் பார்க்க நன்றாக இருக்கிறார் என்று, தனக்கு ஆசை எதுவும் இல்லாமல், ஒத்துக்கொள்வது நான்காவது. ‘ஈர்ப்பு இருக்கிறதா?’ என்று நாம் மொட்டையாகக் கேட்கும்போது இந்த நான்கையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். காலம் போகப் போக காதல் வகையும் உடல் வகையும் மங்குவதும், நண்பராகப் பிடிப்பது தங்குவதும் அந்த ஆய்வில் தெரிந்தது. கணவர் சொன்ன கதையும் ஏறக்குறைய அதுதான்.

இதன் இன்னொரு பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். ஏப்ரல் பிளஸ்கி-ரெச்செக் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் 88 ஆண் பெண் நண்பர் இணைகளைக் கேட்டார்கள். பெண்களைவிட ஆண்கள் தங்கள் தோழிமேல் அதிக ஈர்ப்பு இருப்பதாகச் சொன்னார்கள். தோழிக்கும் தன்மேல் அப்படித்தான் என்று, இருப்பதைவிடக் கூடுதலாகவும் நினைத்துக்கொண்டார்கள். அதே வெளியீட்டில், அந்த ஈர்ப்பை நட்பின் லாபமாகச் சொன்னவர்களைவிடப் பாரமாகச் சொன்னவர்களே அதிகம். ஆகவே மனைவியின் கேள்வி அபத்தமானது என்று யாரும் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அந்த இணைகள் பெரும்பாலும் கல்லூரி வயதினர். 40 வயதில், 17 வருடம் பழகிய இருவரின் மேல் அதை அப்படியே தூக்கி வைக்கவும் முடியாது.

எனக்கு அதிகம் கைகொடுத்தது ஜே. டொனால்ட் ஓமீரா 1989இல் எழுதிய ஒரு கட்டுரை. ஆண் பெண் நட்பு நான்கு சவால்களைத் தாண்ட வேண்டும் என்றார் அவர். இது எந்த வகைப் பாசம் என்று தங்களுக்குள் தெளிவது, பால் ஈர்ப்பை எதிர்கொள்வது, சமமாக நடந்துகொள்வது, பார்க்கிறவர்களுக்கு அதைப் புரியவைப்பது. இந்த நண்பர்கள் முதல் இரண்டையும் 15 வருடத்துக்கு முன்பே முடித்துவிட்டார்கள். மூன்றாவதில் அவர்களுக்குப் பிரச்சினையே வந்ததில்லை. நான்காவதில்தான் விழுந்தார்கள், ஒரு விருந்தில் எழுந்த ஒரு சிரிப்பில். நானோ மூன்று சந்திப்புகளாக இரண்டாவதையே தோண்டிக்கொண்டிருந்தேன்.

ஐந்து வாரம்

பழைய காதலை மனைவியிடம் சொல்வது கணவரின் முடிவு. அதில் தோழியும் இருக்கிறார் என்பதால் முதலில் அவருடைய சம்மதம் கேட்கச் சொன்னேன். கேட்டார், கிடைத்தது. ஆறாவது சந்திப்பில் சொன்னார். வீடே இடியும் என்று அவர் பயந்தார். மனைவி அமைதியாகக் கேட்டுவிட்டு, “அதான் முடிஞ்சுபோச்சே” என்றார். பிறகு, நான் எதிர்பார்க்காத இடத்தில் உடைந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் இரவு அவர் கணவரின் கைபேசியை எடுத்து 3 மாதச் செய்திகளைப் படித்திருக்கிறார். தேடியது எதுவும் கிடைக்கவில்லை. வேறொன்று கிடைத்தது. கணவரின் நிறுவனத்தில் அவருடைய பிரிவை மூடப்போவதாகப் பேச்சு. வேலை போகலாம். தோழிக்கு அது தெரிந்து 5 வாரம் கழித்துத்தான் மனைவிக்குத் தெரிந்தது.

“அஞ்சு வாரம். அந்த அஞ்சு வாரமும் என் பக்கத்துலதான் படுத்திருந்தீங்க” என்றார்.

கணவர் சொன்ன பதிலை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன்: “அவகிட்ட சொன்னா அவ கேட்டுக்குவா. உன்கிட்ட சொன்னா நீ பயப்படுவ. நீ பயந்தா நானும் பயந்துருவேன்.”

எத்தனையோ கணவன் மனைவிக்கு இது பொருந்தும். நண்பருக்கு நம் செய்தி ஒரு செய்திதான். வாழ்க்கைத் துணைக்கு அதுவே தலைக்கு மேல் இருக்கும் கூரை. வேலை போகும் என்ற சொல்லை நண்பர் நிதானமாகக் கேட்க முடிகிறது என்றால், அந்த வேலையில் அவர் வீடு நிற்கவில்லை என்பதும் ஒரு காரணம். இதைப் புரிந்துகொள்ளாமல் “அவள் புரிந்துகொள்கிறாள், நீ பதறுகிறாய்” என்று ஒப்பிடுவது மனைவிக்குச் செய்யும் அநியாயம். அதே சமயம், பதறாத ஒரு காது ஒருவருக்கு வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. நட்பு இருப்பதே பாதி அதற்காகத்தான்.

மனைவியைக் கடித்துக்கொண்டிருந்தது காதல் பயம் என்று நான் 2 மாதம் நினைத்திருந்தேன். அவரை அரித்தது வரிசை. தன் வீட்டுச் செய்தி தன்னிடம் இரண்டாவதாக வருகிறது என்பது. அதை வெளியே சொன்ன பிறகு, அவருக்குத் தூக்கம் வரத் தொடங்கியது.

மூவரும் உட்கார்ந்த நாள்

எட்டாவது சந்திப்புக்குத் தோழி வந்தார். வருவதற்கு முன் நான் அவரிடம் தனியாகப் பேசி, அந்த ஒரு மாதத்துக்காக மன்னிப்புக் கேட்டேன். “உங்க மேல கோபம் இல்லை, எனக்கு உங்களைத் தெரியாது. அவன் என்கிட்ட ஒரு ஃபோன் பண்ணிச் சொல்லியிருக்கலாம்” என்றார்.

அறையில் முதலில் மனைவிதான் பேசினார். செய்திகளைப் படித்ததை ஒப்புக்கொண்டார். தோழியின் முகம் மாறியது. அந்தச் செய்திகளில் அவருடைய விவாகரத்தின் மிக மோசமான இரவுகள் இருந்தன. “நான் அழுததையெல்லாம் நீ படிச்சியா?” என்று கேட்டார். மனைவி தலையை ஆட்டினார். “படிக்கும்போது உங்களுக்காக அழுதேன். அப்பவும் நிறுத்தல, படிச்சுக்கிட்டே இருந்தேன். மன்னிச்சிருங்க அக்கா.” 2 மாதமாக என் அறையில் அவர் ‘அவங்க’ என்றும் ‘இவரோட ஃப்ரெண்டு’ என்றும்தான் சொல்லிவந்தார். ‘அக்கா’ என்ற சொல் அன்றுதான் திரும்பி வந்தது.

துணையின் கைபேசியைப் பார்ப்பது தம்பதிக்குள் நடக்கும் விவகாரம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மறுமுனையில் எழுதியவர் ஒருவர் இருக்கிறார், அவர் யாருக்கும் அனுமதி தரவில்லை. இந்த வழக்கில் அதிகம் இழந்தவர் தோழிதான் என்பது என் எண்ணம். சந்தேகப்பட்டது ஒருவர், மறைத்தது ஒருவர், பேச்சு நின்றுபோனது மூன்றாமவருக்கு.

கணவர் நிலைமையைச் சரிசெய்ய நினைத்து, “இவ எனக்குத் தங்கச்சி மாதிரி” என்றார். தோழி உடனே மறித்தார்: “நான் உன் தங்கச்சி இல்லடா. ஃப்ரெண்டு. அதைச் சொல்ல உனக்கு ஏன் வாய் வரமாட்டேங்குது?” ஒரு ஆணும் பெண்ணும் பழகுவதற்கு ஒரு உறவுமுறையின் பெயரை இரவல் வாங்கினால் ஊர் வாயை அடைக்கலாம். ஆனால் அந்த இரவலிலேயே, நட்பு மட்டும் போதாது என்ற ஒப்புதல் ஒளிந்திருக்கிறது. காமம் கலக்காத அன்பைச் சொல்லும் ‘பிளாட்டோனிக்’ என்ற சொல்லும் இப்படி இடம் மாறி வந்ததுதான். 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகர அறிஞர் மார்சிலியோ ஃபிச்சினோ, கிரேக்கத் தத்துவஞானி பிளாட்டோவைப் படித்து ‘பிளாட்டோனிக் அன்பு’ என்று உருவாக்கிய தொடரிலிருந்து வந்தது அது. அவர் மனதில் இருந்தது ஆண்களுக்கு இடையிலான ஆன்மிக அன்பு. ஆண் பெண் நட்புக்கு அது வந்து ஒட்டிக்கொண்டது பிற்பாடு. நான் நட்பு என்றே சொல்ல விரும்புகிறேன். அந்தச் சொல்லில் ஆண்பாலும் இல்லை, பெண்பாலும் இல்லை.

அடுத்த இரண்டு சந்திப்புகளில் சில விஷயங்கள் பேசி முடிவாயின. வீட்டைத் தொடும் செய்தி எதுவாக இருந்தாலும் முதலில் மனைவிக்கு. தோழி தன் வாழ்க்கையைப் பற்றிச் சொல்வது தோழியுடையது, அதை மனைவியிடம் ஒப்பிக்கத் தேவையில்லை. மனைவிக்கு உறுத்தினால் கணவரிடம் கேட்க வேண்டும், கைபேசியிடம் கேட்கக் கூடாது. உறவினர் யாராவது மறுபடி சிரித்தால், “ஆமா, 17 வருஷ ஃப்ரெண்டு” என்று கணவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி யோசனை மனைவியுடையது. “நீங்க அதைச் சத்தமா சொன்னா நானும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்காது” என்றார். ‘ஆபீஸ் 2’ அந்த அறையிலேயே மாறியது. கணவர் தோழியின் பெயரைத் தட்டி முடிக்கும்வரை மூவரும் பேசவில்லை.

8 மாதம் கழித்து

கணவன் மனைவி இருவரையும் மறுபடி பார்த்தேன். கணவரின் பிரிவு மூடப்பட்டது, வேறு வேலை கிடைக்க 3 மாதம் ஆனது. அந்தச் செய்தி வந்த அன்று மாலையே மனைவிக்குத் தெரியும். அவர் பயந்தார், கணவரும் சேர்ந்து பயந்தார், சமாளித்தார்கள். தோழிக்கு மறுநாள்தான் தெரியும்.

தோழியிடம் தொலைபேசியில் பேசினேன். நட்பு இருக்கிறது, ஆனால் பழைய மாதிரி இல்லை என்றார். “நான் கூப்பிடுறப்ப இப்ப ஒரு நொடி யோசிக்கிறேன். முன்னாடி யோசிச்சதே இல்லை.” அந்த ஒரு நொடிக்கு நானும் காரணம். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

மனைவிக்கு ஞாயிறு காலைகளில் இன்னும் எப்போதாவது நெஞ்சு ஒரு முறை அடித்துக்கொள்ளும். அதைக் கணவரிடம் சொல்லிவிடுகிறார். கணவர், சந்திப்புகள் முடிந்த பிறகு பல வாரங்கள் பால்கனிக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினாராம், ஒவ்வொரு சொல்லும் வீட்டுக்குள் கேட்கும்படி. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மனைவி தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்திருக்கிறார். கணவர் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

“பாப்பா தூங்குறா. கதவைச் சாத்திட்டுப் பேசுங்க” என்று சொல்லிவிட்டு, அவரே சாத்திவிட்டு உள்ளே போய்விட்டார்.